இரண்டாம் வாரம் வராதவர்கள்

தேக்கா உணவங்காடி நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பேசும் இரகசியம் பக்கத்து மேசைக்குக் கேட்காது. தட்டு கழுவும் சத்தம், பிரியாணிக் கடை வரிசை, தலைக்கு மேலே மின்விசிறி, சுற்றிலும் நான்கைந்து மொழிகள். அதனால்தான் அந்த அம்மையார் சந்திக்க இந்த இடத்தைச் சொன்னார். சிங்கப்பூரில் முப்பது ஆண்டுகளுக்கு நெருக்கமாக மனநல ஆலோசகராக இருந்தவர். இப்போது வாரத்தில் ஒரு நாள் மட்டும் இளைய ஆலோசகர்களுக்கு வழிகாட்டுகிறார். பெயர் போட வேண்டாம் என்பது அவருடைய முதல் நிபந்தனை. தன்னிடம் வந்தவர்களை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பது இரண்டாவது. ஆகவே இங்கே வரும் ஆட்களின் வயதும் வேலையும் பேட்டையும் மாற்றப்பட்டவை.

தே தாரிக் வருவதற்குள் பையிலிருந்து ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே பெயர்கள் இல்லை, நோய்கள் இல்லை, தேதிகூட இல்லை. எல்லாம் சாக்குகள். முதல் சந்திப்புக்கு வந்துவிட்டு இரண்டாம் வாரம் வராமல் போனவர்கள் தொலைபேசியில் சொன்ன காரணங்கள். “மழை பெய்யுது.” “பிள்ளைக்குப் பரீட்சை.” “ஊர்லேருந்து மாமியார் வந்திருக்காங்க.” “இப்பப் பரவாயில்லைங்க, சரியாப்போச்சு.” “தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன், விரதம், அது முடியட்டும்.” இந்தக் கடைசிக் காரணத்தைச் சொன்னவர் ஆகஸ்ட் மாதத்தில் சொன்னாராம்.

“முதல்ல கோபத்துலதான் எழுத ஆரம்பிச்சேன். அப்புறம்தான் இது அவங்களோட பட்டியல் இல்ல, என்னோட பட்டியல்னு புரிஞ்சுது” என்றார்.

அவர் 1994இல் ஒரு குடும்பச் சேவை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம், சிராங்கூன் ரோட்டிலிருந்து பத்து நிமிட நடை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு. எதிரே காப்பிக்கடை. உள்ளே நாற்காலியில் காத்திருப்பவர் யார், கையில் என்ன படிவம் வைத்திருக்கிறார் என்று காப்பிக்கடையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். அந்தக் கண்ணாடிக்குப் பால்நிறத் தாள் ஒட்டச் சொல்லி ஏழு மாதம் மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஒட்டிய பிறகு நோட்டில் பதிவாகும் சாக்குகள் குறைந்தன. உளவியல் வகுப்புகளில் சொல்லிக்கொடுத்த எந்த உத்தியும் தன் தொழிலில் அவ்வளவு சீக்கிரம் பலன் தரவில்லை என்கிறார்.

சிங்கப்பூரின் குடிமக்கள், நிரந்தரவாசிகளில் இந்தியர்கள் ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு. அதிலும் தமிழ்ச் சமூகம் சின்னது. ஈசூனில் இருப்பவர் ஈசூன் நிலையத்துக்குப் போகமாட்டார், அண்டை வீட்டுக்காரர் பார்ப்பார். லிட்டில் இந்தியாப் பக்கம் வந்தால் வீரமாகாளியம்மன் கோயிலுக்கு வந்த சித்தி பார்ப்பார். பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் அம்மா ஆலோசகரிடம் போகிறாள் என்று தெரிந்தால் போதும், மாப்பிள்ளை வீட்டுக்குச் செய்தி போய்விடும்.

பயம் வெறும் பேச்சுக்குப் பயம் அல்ல; அதற்கு ஓர் இடப்பெயரும் இருந்தது. இயோ சூ காங் பகுதியில் 1928இல் திறக்கப்பட்ட மனநோய் மருத்துவமனைக்கு 1951இல் உட்பிரிட்ஜ் என்று பெயர் வைத்தார்கள். 1993இல் அது புவாங்கோக் கிரீனில் புதுக் கட்டடத்துக்கு மாறி மனநலக் கழகம் ஆனது. அம்மையார் வேலைக்குச் சேர்வதற்கு ஓராண்டு முன்பு. கட்டடமும் பெயர்ப்பலகையும் மாறின, ஊர் வாய் மாறவில்லை. சென்னைக்காரருக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ, ராமநாதபுரத்துக்காரருக்கு ஏர்வாடி எப்படியோ, சிங்கப்பூர்த் தமிழருக்கு உட்பிரிட்ஜ் அப்படி. முதல் சந்திப்பில் பாதிப் பேர் பிரச்சினையைச் சொல்வதற்கு முன் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “நான் உட்பிரிட்ஜ் கேஸா, மேடம்?”

அடுத்த குழப்பத்தைத் தமிழே உண்டாக்கியது. ஆலோசகர் என்றால் ஆலோசனை சொல்பவர். வந்தவர்கள் நோட்டும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டு சொல்லுங்கள் என்று உட்கார்ந்தார்கள். இவரோ சொல்வதற்கு எதுவும் இல்லாதவர் போல அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சிராங்கூன் ரோட்டில் அப்போது கிளி ஜோசியர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கூண்டைத் திறந்தால் கிளி ஒரு சீட்டை எடுக்கும், ஐந்து நிமிடத்தில் சனி எப்போது விலகும் என்பது தெரிந்துவிடும். இங்கே ஐம்பது நிமிடம் தானே பேசி, தானே அழுது, எழுந்து போகும்போது கையில் ஒரு சீட்டுகூட இல்லை. “கிளி தேவலாம்” என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். இலங்கைத் தமிழில் இந்தத் தொழிலை உளவளத்துணை என்கிறார்கள். துணை என்ற சொல் குறைந்தபட்சம் பொய் வாக்குறுதி தரவில்லை. சிங்கப்பூர் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டிருக்கலாம் என்று எனக்கும் தோன்றியது.

பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு வேறு சிக்கல். அவர்கள் அகராதியில் ‘கவுன்சலிங்’ என்றால் திட்டு. வகுப்பில் சண்டை போட்டால், தாமதமாக வந்தால், ‘கவுன்சலிங் கொடுத்தாங்க’. அதனால் உள்ளே நுழையும்போதே, தாங்கள் செய்யாத தவறுக்குத் தயாராகப் பதில் வைத்திருப்பார்கள்.

முஸ்தபா அம்மாவின் கதை 1998ஐச் சேர்ந்தது. அந்தப் பெயர் ஆலோசகர் தனக்குள் வைத்துக்கொண்டது. நாற்பது வயதைத் தாண்டியவர், வாரம் ஒரு முறை பேருந்தில் வருவார். வீட்டில் சொல்லிவிட்டு வருவது, முஸ்தபா கடைக்குப் போகிறேன் என்று. சொன்னதைக் காப்பாற்ற சையத் ஆல்வி ரோட்டுக்குப் போய் ஏதாவது வாங்கியாக வேண்டும். துவரம் பருப்பு, பற்பசை, ஒரு சீப்பு. பையை மடியில் வைத்துக்கொண்டுதான் பேசுவார்.

முதல் சந்திப்பில் அவர் இருபது ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். ஆலோசகருக்கு அன்று பெருமையாக இருந்தது. முதல் நாளே இவ்வளவு திறந்துவிட்டாரே என்று வழக்குக் குறிப்பில் எழுதினார். இரண்டாம் வாரம் அந்த அம்மா வந்தார், ஆனால் உட்காரவில்லை. “நான் பாட்டுக்கு நல்லா இருந்தேன். நீங்கதான் கிளறி விட்டீங்க. ஆறு நாளா தூக்கம் இல்ல, தலைவலி. நேத்து பிள்ளைய அடிச்சிட்டேன், என் வாழ்க்கையில நான் பிள்ளைய அடிச்சதே இல்ல.”

பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்த வாக்கியம் ஒன்று இந்த மாதிரி நேரத்துக்காகவே இருந்தது. அதைத் தமிழில் பெயர்த்து, “இந்தக் கோபம் உங்களுக்குள் எதை எழுப்புகிறது?” என்று கேட்டார். அந்த அம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். கதவு வரைக்கும் போய்விட்டார். அப்போது ஆலோசகர் பாடத்தை மறந்துவிட்டு, “ஆமாம்மா, இப்படி ஆகும்னு நான் முதல்லயே சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு” என்றார்.

அந்த அம்மா திரும்பி வந்து உட்கார்ந்தார். ஏழு மாதம் வந்தார். எட்டு கிலோ பருப்பு சேர்ந்திருக்கும் என்று சொல்லிச் சிரித்தாராம் கடைசி நாளில்.

ஆரம்ப வாரங்களில் ஏன் இன்னும் மோசமாகிறது? இதற்கு ஆய்வு உண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், வாழ்க்கையில் தங்களை மிகவும் நோகடித்த நிகழ்ச்சியை எழுத வேண்டும். எழுதி முடித்த உடனே அவர்கள் மனநிலை சரிந்தது. சாதாரண விஷயங்களை எழுதியவர்களுக்கு அப்படி ஆகவில்லை. ஆனால் நடந்ததையும் அதனால் பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள்தாம் அடுத்த அரையாண்டில் கல்லூரி மருத்துவமனைக்குக் குறைவாகப் போனார்கள். மூடி வைத்திருப்பதற்கும் உடம்பு உழைக்கிறது என்பது அவர்கள் விளக்கம். திறக்கும்போது அந்த உழைப்பு நின்றுபோகிறது, ஆனால் உள்ளே இருந்தது முதலில் மேலே வந்துவிடுகிறது.

இதைப் புத்தக மொழியில் சொன்னால் யாருக்கும் உறைக்காது என்பதால் அம்மையார் வேறு வழி வைத்திருந்தார். முன்பெல்லாம் போகிக்கு முந்தின நாள் வீடு ஒழிக்கும் காட்சியைச் சொல்வார். சிங்கப்பூரில் பிறந்தவர்களுக்குப் போகி பிடிபடவில்லை. அதனால் பாம் ஷெல்டருக்கு மாறிவிட்டார். புது வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் தடித்த சுவரும் இரும்புக் கதவுமாக ஓர் அறை இருக்கும். போர் வந்தால் ஒளிவதற்குக் கட்டியது, எல்லா வீட்டிலும் பழைய பெட்டியும் உடைந்த மின்விசிறியும் போடும் அறை. “அதக் காலி பண்ணுற சனிக்கிழமை மத்தியானம் உங்க கூடம் எப்படி இருக்கும்? கால் வைக்க இடம் இருக்காது. அப்ப யாராவது வீட்டுக்கு வந்தா, காலையிலயே நல்லா இருந்துச்சேன்னுதான் சொல்வாங்க.” 1998க்குப் பிறகு முதல் சந்திப்பில் கடைசிப் பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்கினார். இன்றிரவு தூக்கம் கெடலாம், யார் மீதாவது எரிந்து விழலாம், என்னைப் பிடிக்காமல் போகலாம், வந்திருக்கவே வேண்டாம் என்று தோன்றும், எல்லாவற்றையும் அடுத்த வாரம் வந்து என்னிடமே சொல்லுங்கள்.

மொழிக்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் அவர் அதிக நேரம் பேசியது அதைப் பற்றித்தான். “நீங்கள் எப்படி உணர்கிறீர்கள்?” என்ற கேள்வியைத் தமிழில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. ஆங்கிலப் படிவத்திலிருந்து இறங்கி வந்த கேள்வி அது. கேட்டால் பதில் வராது, அல்லது “நல்லாத்தான் இருக்கேன்” என்று வரும். “மனசுக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டால் வேறு ஒரு கதவு திறக்கும். “நெஞ்சு அடைக்குது”, “தலை பாரமா இருக்கு”, “வயித்தக் கலக்குது”, “கை கால் ஓடல”. தமிழர் உடம்பைச் சொல்லித்தான் மனசைச் சொல்வார்கள். ஆரம்ப காலத்தில் இதை அவருடைய மேற்பார்வையாளர், மனத்தைப் பேசாமல் உடலுக்குள் ஒளிந்துகொள்வது என்று விளக்கினார். இவரும் பல ஆண்டுகள் அப்படித்தான் குறிப்பு எழுதினார். எதிர்ப்பு என்று ஒரு கலைச்சொல் உண்டு. ஆலோசனைக்கு வந்தவர் உள்ளுக்குள் ஆலோசனையை எதிர்க்கிறார் என்று பொருள். பிராய்டு காலத்துச் சொல். “எனக்குப் புரியாத எல்லாத்துக்கும் எதிர்ப்புன்னு பேர் வச்சேன்” என்று ஒத்துக்கொண்டார்.

மௌனமும் அப்படித்தான். நல்ல ஆலோசகர் பேச்சை இடைமறிக்கக் கூடாது, மௌனத்துக்கு இடம் விட வேண்டும் என்பது பாடம். தமிழில் கதை கேட்பவர் உம் கொட்ட வேண்டும். பாட்டி கதை சொல்லும்போது உம் நின்றுவிட்டால் பிள்ளை தூங்கிவிட்டது என்று கதையை நிறுத்திவிடுவாள். எதிரே ஓர் அம்மா தன் கல்யாணத்தை, பிரசவத்தை, மாமனார் வீட்டை அடுக்கிக்கொண்டே போகும்போது இவர் பயிற்சிப்படி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தால், “கேக்குறீங்களா?” என்று தயங்கி, பிறகு சுருக்கி, பிறகு நிறுத்திவிடுவார். உம் கொட்டத் தொடங்கியதைத் தன் தொழில் வாழ்க்கையின் முன்னேற்றங்களில் ஒன்றாகக் குறிப்பிடுகிறார். விளையாட்டாகச் சொல்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை.

2002இல் அவருடைய அப்பா இறந்தார். நான்கு மாதம் கழித்தும் வேலையில் கவனம் நிற்கவில்லை. சக ஊழியர் ஒருவர் நகர மையத்தில் ஒரு மூத்த சீன ஆலோசகரிடம் போகச் சொன்னார். எட்டு ஆண்டு பிறருக்குச் சொன்ன வேலை, தனக்கு என்ன பெரிய விஷயம் என்று போனார்.

சோபா தாழ்வாக இருந்தது. உட்கார்ந்ததும் தான் குட்டையாகிவிட்டது போல இருந்ததாம். கைக்கு எட்டும் தூரத்தில் டிஷ்யூப் பெட்டி, அழுதுதான் ஆக வேண்டும் என்று சொல்வது போல. தானும் எட்டு ஆண்டாக அதே இடத்தில்தான் பெட்டி வைத்துக்கொண்டிருந்தது அப்போது ஞாபகம் வந்தது. அப்பாவின் நோய், மருத்துவமனை, இறுதிச் சடங்கு எல்லாவற்றையும் வழக்கு அறிக்கை வாசிப்பது போல வரிசை மாறாமல் சொன்னார். அந்தப் பெண்மணி கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார்: இதில் உங்களைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தைகூட வரவில்லையே.

“எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. வெளிய வந்து எதிர்த்திசையில நடந்திருக்கேன். ரெண்டு எம்ஆர்டி நிலையம் தள்ளிப்போய்தான் தெரிஞ்சுது.” இரவு தலைவலி. மூன்றாம் நாள் தொலைபேசியை எடுத்து, மகனுக்குப் பரீட்சை, அடுத்த வாரம் வர முடியாது என்றார். வைத்த பிறகுதான் உறைத்தது. மகன் அப்போது தேசிய சேவையில் இருந்தான். பரீட்சை எழுதி இரண்டு ஆண்டு ஆகிவிட்டது.

நோட்டைப் புரட்டிக் காட்டினார். ஒரு பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில் ஒரு வரி: “மகனுக்குப் பரீட்சை.”

மூன்று மாதம் கழித்துத் திரும்பிப் போனார். அந்த மூன்று மாதம் அவருக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. பழைய காயம் திறப்பதால் மட்டும் ஆட்கள் ஓடுவதில்லை. அதற்கு முன்பே கூச்சம் வந்துவிடுகிறது. முன்பின் தெரியாத ஒருத்தியிடம், கைக்கடிகாரத்தைப் பார்த்து முடிக்கும் ஒருத்தியிடம், சின்னவளாகி உட்கார வேண்டியிருக்கிறதே என்ற கூச்சம். நாற்காலிகளை ஒரே உயரத்தில் போட்டார். டிஷ்யூப் பெட்டியை இருவருக்கும் நடுவே நகர்த்தினார். ஆறு பக்கப் படிவத்தை முதல் நாள் நிரப்பச் சொல்வதை நிறுத்தினார். அதற்கு மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள், அது தனிக் கதை.

எல்லா வேதனையும் நல்லதற்கே என்று அவர் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் அப்படிச் சொல்லிக்கொள்வது வசதியானது, அதனாலேயே ஆபத்தானது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, ஜனவரியில் ஒரு தொண்டூழியர் குழுவோடு நாகப்பட்டினத்துக்குப் போனார். தமிழ்நாட்டில் அதிகம் பேரை இழந்த மாவட்டம். மீனவக் குப்பத்தில் வட்டமாக உட்கார வைத்து, நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். ஒரு பெண் சொன்னாள். அலை வந்தபோது எந்தக் கையில் எந்தப் பிள்ளை இருந்தது என்பது வரை சொன்னாள். மறுநாள் காலை குழு அடுத்த ஊருக்குப் போய்விட்டது.

நடந்து முடிந்த பேரிடரை ஒரே அமர்வில் விவரிக்கச் செய்வது பிந்திய மனப் பாதிப்பைத் தடுக்கவில்லை என்று கொக்ரேன் மருத்துவத் தொகுப்பாய்வு அதற்கு முன்பே சொல்லியிருந்தது. சில ஆய்வுகளில் அது தீங்காகவும் முடிந்திருந்தது. “அச்சுல இருந்துச்சு. நான் படிக்கல.” தே தாரிக் ஆறிப்போயிருந்தது, அவர் அதைத் தொடவில்லை. திறப்பவர் மூடும் வரை கூட இருக்க வேண்டும். இருக்க முடியாதென்றால் திறக்கக் கூடாது. இளைய ஆலோசகர்களுக்கு அவர் முதல் வாரமே சொல்வது இது.

சட்டமும் ஆலோசனை அறைக்குள் உட்கார்ந்திருந்தது. சிங்கப்பூரில் தற்கொலைக்கு முயல்வது தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின்படி குற்றமாக இருந்தது, ஓராண்டு வரை சிறை விதிக்க இடமிருந்தது. முதல் சந்திப்பில் எந்த ஆலோசகரும் சொல்லியாக வேண்டிய ஒன்று உண்டு: இங்கே பேசுவது வெளியே போகாது, உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் நான் பேச வேண்டிவரும். அதைக் கேட்டதும் முகம் மூடிக்கொள்வதை இருபத்தைந்து ஆண்டு பார்த்திருக்கிறார். 2019 மே மாதம் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது. 2020 ஜனவரி 1 முதல் அது குற்றமில்லை. அதே வாக்கியத்தை ஜனவரியில் சொன்னபோது ஒருவர், “போலீசுக்கா, ஆஸ்பத்திரிக்கா?” என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்கு என்று தயங்காமல் பதில் சொல்ல முடிந்தது. வேலை விண்ணப்பத்தில் மனநோய் உண்டா என்று முதலாளி கேட்கக் கூடாது என்ற வழிகாட்டுதலும் அதே வாக்கில் வந்தது. அதற்கு முன், கட்டத்தில் டிக் போடுவதா வேண்டாமா என்று கேட்டே பல சந்திப்புகள் கழிந்திருக்கின்றன.

அதே ஆண்டு கொவிட்-19. ஏப்ரல் 7 அன்று சர்க்கிட் பிரேக்கர் என்னும் முடக்கநிலை தொடங்கியது. மூன்று லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டு ஊழியர்கள் விடுதிகளில் அடைபட்டார்கள். ஞாயிறு மாலைகளில் தோளோடு தோள் உரசிய ரேஸ் கோர்ஸ் ரோட்டில் புறாக்கள் மட்டும் இருந்தன. ஆண்டு முடிவில் விடுதிவாசிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. அம்மையார் ஒரு தொலைபேசி உதவிச் சேவையில் தமிழ் அழைப்புகளை எடுத்தார்.

இத்தனை ஆண்டுப் பழக்கம் எதுவும் அங்கே செல்லவில்லை. ஓர் அறையில் பன்னிரண்டு படுக்கை. பேசுகிறவர் கழிவறைக்குள் நின்று கிசுகிசுப்பார், வெளியே யாராவது கதவைத் தட்டுவார்கள். முதல் கேள்வி உட்பிரிட்ஜ் பற்றியது அல்ல. “அக்கா, இதச் சொன்னா என்னை ஊருக்கு அனுப்பிடுவாங்களா?” ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் அடையாமல் ஊருக்குப் போவதைவிட இந்த நெஞ்சடைப்பே மேல் என்பது அவர்கள் கணக்கு. புதுக்கோட்டைப் பக்கத்து இளைஞர் ஒருவர் ஒன்பது நாள் தொடர்ந்து அழைத்தார். ஒவ்வொரு நாளும் சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசினார். சோறு விறைத்திருந்தது, குழம்பு ஆறியிருந்தது. பத்தாம் நாள்தான் ஊரில் தங்கை கல்யாணம் நின்றுபோனதைச் சொன்னார். பழைய பயிற்சி இருந்திருந்தால் மூன்றாம் நாளே, உண்மையான பிரச்சினைக்கு வாருங்கள் என்று தள்ளியிருப்பேன், அவர் வைத்துவிட்டிருப்பார் என்றார். சோற்றைப் பற்றிப் பேசிய ஒன்பது நாளும் அந்தத் தம்பி இவரைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆண்டு நவம்பரில் மனிதவள அமைச்சு வெளிநாட்டு ஊழியர் மனநலத்துக்கென்று ‘டான்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. 2006 முதல் இயங்கும் ஹெல்த்சர்வ் போன்ற அமைப்புகளும் அதில் சேர்ந்தன. தாமதம்தான். ஆனால் இவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், கட்டுமானத் தொழிலாளிக்கு மனசு என்று ஒன்று உண்டு என்பதை யாரும் கோப்பில் எழுதியதில்லை.

நாடு முழுவதற்குமான கணக்கும் இருக்கிறது. 2016இல் நடந்த சிங்கப்பூர் மனநல ஆய்வு, ஏழு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு மனநலப் பாதிப்பு வருகிறது என்றது. எண்ணச் சுழற்சி நோய் என்னும் ஓசிடி உள்ளவர்கள் உதவி தேட எடுத்துக்கொண்ட காலம், இடைநிலைக் கணக்கில் பதினோரு ஆண்டு. பதினோரு ஆண்டு யோசித்து ஒருவர் கதவைத் தட்டுகிறார், இரண்டாம் வாரம் வருவதில்லை. இது நம் ஊர்க் குறை மட்டும் அல்ல. 2012இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 669 ஆய்வுகளில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கணக்கெடுத்து, ஐந்தில் ஒருவர் சிகிச்சையைப் பாதியில் விடுகிறார் என்று கண்டது.

இப்போது வருகிற இளையவர்கள் வேறு மாதிரி. வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இரண்டரை விழுக்காடுதான். இந்த இளையவர்கள் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். கலைச்சொற்கள் எல்லாம் கைபேசியிலேயே கிடைத்துவிடுகின்றன. டாக்சிக், ட்ரிகர், பவுண்டரி. கூச்சம் போய்விட்டது என்று முதலில் மகிழ்ந்திருக்கிறார். பிறகுதான் ஆங்கிலம் ஒரு மழைக்கோட்டு என்று தெரிந்தது.

இருபத்தாறு வயதுப் பையன் ஒருவன் நாற்பது நிமிடம் தன் குடும்பத்தைப் பற்றிச் சரளமாகப் பேசினான், கட்டுரை போல. அம்மா என்ன சொன்னார்கள், அவர்கள் வார்த்தையிலேயே சொல்லுங்கள் என்று கேட்டார். ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தான், வரவில்லை. தமிழில் சொன்னான். நான்கே சொல். அதற்குப் பிறகு பத்து நிமிடம் பேச்சே இல்லை.

அவன் இரண்டாம் வாரம் வரவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. நோட்டில் அதுதான் கடைசி வரி: “அன்னிக்கு வீட்டுக்குப் போனேன், அம்மா மீன் குழம்பு வச்சிருந்தாங்க. சாப்பிட முடியல. இனிமே வரல.” இத்தனை ஆண்டில் சாக்கு இல்லாத ஒரே வரி இது என்கிறார். நான்கு சுவருக்குள் அம்மாவைப் பற்றிப் பேசிவிட்டு அதே இரவு அவள் கையால் சாப்பிட வேண்டியிருக்கிறது. இந்த வேதனைக்கு மேற்கத்தியப் பாடப்புத்தகத்தில் சரியான அத்தியாயம் இல்லை. மற்றவர்களைவிடத் தமிழ்ப் பிள்ளைகளை இதுதான் அதிகம் திருப்பி அனுப்புகிறது என்பது அவர் கணிப்பு. அம்மாவைப் பற்றிச் சொன்னது அம்மாவைக் காட்டிக்கொடுத்தது ஆகாது என்பதை அந்த ஐம்பது நிமிடத்துக்குள்ளேயே சொல்லியிருக்க வேண்டும். கேள்வியைக் கேட்ட அவசரத்தில் மறந்துவிட்டார். அந்தப் பையன் பிறகு வரவே இல்லை.

எழுந்திருக்கும்போது வாசகர்களுக்கு ஒரு விஷயம் போடச் சொன்னார். முன்பதிவு செய்யும்போதே தமிழ் பேசும் ஆலோசகர் வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் பேட்டைக்கு வெளியே வேண்டுமென்றாலும் கேளுங்கள். முதல் சந்திப்புக்கு மறுநாள் விடுமுறையாக இருந்தால் நல்லது. ஆலோசகர் ஒத்துவரவில்லை என்றால் வேறு ஆளைக் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்துக்கொண்டால் அவரை விட்டதே நல்லது. இரண்டாம் வாரம் போக மனமில்லையென்றால் மழையைச் சொல்லாமல், மனமில்லை என்பதையே சொல்லுங்கள். நடு இரவில் தாங்க முடியாமல் போனால் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் எண் 1767, தேசிய மனநல உதவி எண் 1771. இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன.